வழுவின் வேரை அறியாத திருத்தம்

ஆங்கில வாக்கியங்களில் நம் மாணவர் இழைக்கும் இலக்கண வழுக்களைக் குறித்து நொந்துகொள்ளாத ஆசிரியர் அரியர். விடைத்தாளைச் சிவப்பு மையால் நிறைத்து, சரியான வடிவத்தை மேலே எழுதிவிட்டால் திருத்தம் நிறைவுற்றது என்பது பலரின் துணிபு. அத்துணிபு தவறானது. வழு எங்கிருந்து பிறந்தது என்று வினவாத திருத்தம் திருத்தமாகாது.

கிளிநொச்சி மாவட்டத்து ஸ்கந்தபுரத்திற் பயிலும் மாணவன் ஒருவனைக் கருதுவோம். ‘அவன் போகவில்லை’ என்பதை அவன் ‘ஹீ டிட் நொட் வென்ட்’ என எழுதுகிறான். ஆசிரியர் ‘வென்ட்’ என்பதை வெட்டிக் ‘கோ’ என எழுதுகிறார். காரணம் கூறப்படாமையால் அதே வழு மீண்டும் தோன்றுகிறது. ஆனால் அம்மாணவன் ‘போனான்’ என்பதை மறுக்கும்போது ‘போனவில்லை’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. ‘போக’ என்னும் எச்சத்தோடு ‘இல்லை’ என்பதைச் சேர்க்கிறான். எதிர்மறையில் முதல்வினை தன் இறந்தகால வடிவை விட்டு நிற்கும் என்பது அவன் நாவில் ஏற்கெனவே உள்ள விதி. ஆங்கிலத்தில் ‘டிட்’ காலத்தைத் தாங்க, ‘கோ’ அவ்வாறே நிற்கிறது. இதனைக் கரும்பலகையிற் காட்டுதல் அத்துணை அரிதோ?

வேறு சில வழுக்கள் இருமொழிகளும் வேறுபடும் இடத்திற் பிறப்பன. ‘பற்றிக் கலந்துரையாடினோம்’ என்னும் தமிழ் வழக்கே ‘டிஸ்கஸ் எபவுட்’ என வடிவெடுக்கிறது. வருகிறான், வருகிறாள், வருகிறார்கள் என ஈறு மாற்றிப் பழகியவனுக்கு எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபு புதிதன்று. நிகழ்காலப் படர்க்கை ஒருமையில் மட்டும் ஆங்கிலம் ஓர் ‘ஸ்’ சேர்க்கும் என்பதே புதிது.

நன்னூலார் வழுவினைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். வழுவின் வகையறிந்து விலக்குதலே நம் இலக்கண மரபு. ஆங்கில வகுப்பினுள் தமிழை விடின் மாணவன் தமிழிலேயே சிந்திப்பான் என்று அஞ்சுவோர் உளர். அவன் இன்றும் தமிழிலேயே சிந்திக்கிறான். அவனுடைய வழுக்களே அதற்குச் சான்று.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கிற்று. 1996இல் கிளிநொச்சி நகரை நீங்கியோருக்குப் புகலளித்த ஸ்கந்தபுரம், 2008இல் தானும் இடம்பெயர்ந்தது. அவ்வூர்ப் பிள்ளைகளுட் பலருக்கு ஆங்கிலம் கேட்கும் இடம் வகுப்பறை ஒன்றே. அதே மாவட்டத்து அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமோ ஆங்கிலத்திற் கற்பிக்கிறது. ஊரருகே பீடம் இருந்தும் மொழியால் அது தொலைவாகலாமோ?

ஆதலின், தமிழ் மாணவர்க்கு ஆங்கிலம் கற்பிப்போருக்குத் தமிழ் இலக்கணப் பயிற்சி கட்டாயமாக்கப்படல் வேண்டும். இருமொழி இலக்கணத்தையும் ஒப்புநோக்கும் எளிய கைந்நூல் ஒன்றை ஆக்கும் கடன் தமிழ்ச் சங்கங்களுக்கு உரியது. அக்கடனை இவ்வாண்டே தொடங்குவோம்.