அந்தப் பதிவேட்டைத் திறவுங்கோ

மறவுங்கோ என்கிறார்கள். சண்டை முடிந்து இத்தனை வருசமாச்சு, காப்பெற் றோட்டுப் போட்டாச்சு, காங்கேசன்துறை வரைக்கும் ரயில் விட்டாச்சு, இன்னும் ஏன் பழைய செத்தவீட்டைக் கிண்டுறியள் என்று கேட்கிறார்கள். செத்தவீடு ஒழுங்காய் நடந்திருந்தாலல்லவா பழசு, புதுசு என்று பேசலாம்? யாருடைய கை, யாருடைய கால் என்று தெரியாமல் கூட்டியள்ளி அடக்கம் செய்த சனத்திடம் வந்து மறதியைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. ‘முன்னேறிப் பாய்தல்’ என்று பெயர் வைத்துப் படை புறப்பட்ட நாள். வட்டுக்கோட்டை, அராலி, சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு என்று வலிகாமத்தின் மேற்குப் பக்கமே வீட்டைப் பூட்டியும் பூட்டாமலும் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. சைக்கிள் கரியரில் கிழவிகள், தலையில் உடுப்பு மூட்டை, கையில் பிள்ளை. கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கோ என்று அறிவித்தது அரசாங்கம்தான். சொல்லுக் கேட்ட சனம் நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்தில் சின்னக்கதிர்காம முருகன் கோயிலடியிலும் ஒதுங்கியது. ஊர்க்காரர் களைத்து வந்தவர்களுக்குத் தண்ணி வார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்னேரம் நாலரை மணிபோல் விமானப்படையின் புக்காரா குண்டுவீச்சு விமானம் வந்தது.

அது இரவு இல்லை. மழை மூட்டமும் இல்லை. ஆடிக்கு முந்தின பின்னேரத்தில் யாழ்ப்பாண வானம் எப்படி இருக்கும் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். தேவாலயம் என்ன கடுகா, மேலேயிருந்து கண்ணுக்குத் தெரியாமல் போக? காயப்பட்டுப் பின்னால் போனவர்களையும் சேர்த்து 140 தாண்டியது என்பது ஊர்க்கணக்கு. இரண்டு நாள் கழித்துச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் அறிக்கை விட்டது: 65 பேர் பலி, 150 பேர் காயம், மறுநாள் காலையில் தங்கள் ஆட்கள் போனபோதும் பல பிணங்கள் இடிபாட்டுக்குள் எடுபடாமல் கிடந்தன. கொழும்புக்குக் கோபம் வந்தது. குண்டு போட்டவன் மேல் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை, அறிக்கை விட்டவர்கள் மேல் வந்தது. அந்தக் கோபத்தைச் சொன்ன வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமருடைய பூர்வீகம் மானிப்பாய். மானிப்பாய்க்கு அடுத்த ஊர் நவாலி. இதற்குமேல் அதைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் தலைக்கு மேலே பறந்தவை எத்தனை தேசத்துச் சாமான்! இத்தாலியில் இருந்து சியாமாசெட்டி. சீனாவில் இருந்து வை-12. ஆர்ஜென்டினாவில் இருந்து புக்காரா. இஸ்ரேலில் இருந்து கிபிர். உக்ரேனில் இருந்து மிக். ஆர்ஜென்டினா எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாத எங்கள் ஆச்சிமார், சத்தத்தை வைத்தே இன்னது வருகுது என்று சொல்லுவார்கள். ஊர் ‘சகடை’ என்று கூப்பிட்ட விமானம் ஆள் ஏற்றிப் பறக்கவென்று செய்தது. அதன் கதவால் பீப்பாக் குண்டை உருட்டிவிட்டார்கள். உருட்டிவிடுகிற குண்டுக்குக் குறி ஏது? விழுகிற இடம்தான் குறி. அது ஆறுதலாய் வட்டமடிக்கும். அந்த வட்டம் முடியும்வரை பங்கருக்குள் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருப்போம், மேலே இருக்கிறவனுக்குப் பிள்ளை அழுவது கேட்டுவிடும் என்பதுபோல. கிபிர் வந்தபிறகு அந்த அவகாசமும் போயிற்று. சத்தம் காதுக்கு வரும்போது அது போட்டுவிட்டுப் போயிருக்கும்.

பங்கரைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து நிலம் இரண்டு முழம் வெட்டினால் கல். அந்தக் கல்லை அலவாங்கால் கிண்டித்தான் கிடங்கு வெட்டினோம். மேலே மூடப் பனங்குற்றி. எத்தனை பனை விழுந்தது! பாட்டன் வைத்த பனைகளைத் தறித்துத் தலைக்கு மேல் அடுக்கினோம். மண்மூட்டை தைக்கச் சாக்கு இல்லை, பொருளாதாரத் தடை. கூறைச்சீலையை மட்டும் மறைத்து வைத்துவிட்டு மற்றச் சீலைகளைக் கிழித்து மூட்டை தைத்தார்கள் பெண்கள். மாரியில் கிடங்குக்குள் தண்ணி நிற்கும், பாம்பு வரும். பாம்பா பொம்மரா என்றால் பாம்போடு இருந்தோம். இப்போது எல்லாரும் ‘உள்நாட்டு யுத்தம்’ என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நவாலிக்குப் பிறகாவது கை கூசியிருக்கவேண்டும். 1995 செப்டெம்பர் 21 அன்று இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. அடுத்த நாள், 22ஆம் திகதி, யாழ்ப்பாணத்து நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்தது. பள்ளிக்கூட நாள், நடுப்பகல். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், வெள்ளைச் சட்டையோடு. வாயைக் கட்டிவிட்டு அடித்தார்கள் என்று சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறாய் என்பார்கள். நான் இரண்டு திகதியைத்தான் சொன்னேன்.

பதினொரு வருசம் கழித்து, 2006 ஓகஸ்ட் 14, வள்ளிபுனம், செஞ்சோலை வளாகம். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிக்கூடங்களில் இருந்து வதிவிடப் பயிற்சிக்கென்று வந்திருந்த மாணவிகள். காலையில் கிபிர் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அவர்கள் பள்ளிக்கூட மாணவிகள் என்றது யுனிசெப். போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு இராணுவத் தளத்துக்கான அடையாளம் எதையும் காணவில்லை. அந்த வருசமே ஆணைக்குழு வைத்தார்கள், அதன் பட்டியலில் செஞ்சோலையும் இருந்தது. ஆணைக்குழு வந்தது, போனது. குற்றவாளிக் கூண்டில் ஒருவரும் ஏறவில்லை.

2009ஐ எழுதக் கை வருகுதில்லை. பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கமே கோடு கீறியது, ஒன்றல்ல மூன்று முறை. ஒவ்வொரு முறையும் கோட்டுக்குள் போன சனத்தின்மேல் ஷெல் விழுந்தது. ஆஸ்பத்திரிகள் இருக்கிற இடம் படைக்குத் தெரிந்திருந்தும் வன்னியின் அநேகமாய் எல்லா ஆஸ்பத்திரியும் ஷெல் பட்டது என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. நவாலியில் கோயிலுக்குப் போகச் சொன்ன அதே வாய்தான் வலயத்துக்குள் போகச் சொன்னது. பதினாலு வருசத்தில் பாடம் படிக்காதது நாங்கள்தான் போலும்.

உங்கள் ஆட்கள் போட்ட குண்டுகள் என்ன பூவா என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேட்கவேண்டிய கேள்விதான். 1996 ஜனவரி 31, கொழும்பு மத்திய வங்கி வாசலில் லொறி நிறைய வெடிமருந்தோடு போய் மோதினார்கள் புலிகள். 90 பேர்வரை செத்தார்கள். வேலைக்குப் போன சனம், எங்களைப் போலக் காலையில் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்த சனம். அது கொலை. எங்கள் பெயரைச் சொல்லிச் செய்த கொலை. அதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசவில்லை. ஆனால் அதற்கு வழக்கு நடந்தது. சாட்சி விசாரித்தார்கள். பிரபாகரன் மன்றுக்கு வராமலே 2002இல் 200 வருசச் சிறை என்று தீர்ப்பெழுதினார்கள். நல்லது. நவாலிக்கு எந்த மன்றில் வழக்கு நடந்தது? நாகர்கோவிலுக்கு எந்த நீதவான் தீர்ப்பெழுதினார்? இருநூறு வருசம் வேண்டாம், இரண்டு நாள் விளக்கமறியலாவது எவருக்கும் கிடைத்ததா?

இழப்பீடு என்கிறார்கள் சிலர். காசை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கோ. நான் கேட்பது ஒரு புத்தகம்.

விமானப்படை என்றால் கணக்கு இல்லாமல் ஒரு சில்லும் ஓடுதளத்தில் உருளாது. எந்த விமானம், யார் ஓட்டியது, எத்தனை மணிக்கு எழும்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது, எந்தக் குண்டு எத்தனை கொண்டுபோனது, திரும்பி வரும்போது எத்தனை மிச்சம், எல்லாம் எழுதி ஒருவர் கையொப்பம் வைத்திருப்பார். போ என்று சொன்னவருக்கும் ஒரு பெயர், ஒரு பதவி இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைத் திறவுங்கோ. 1995 ஜூலை 9, பின்னேரம் நாலரை. 1995 செப்டெம்பர் 22, நடுப்பகல். 2006 ஓகஸ்ட் 14, காலை. மூன்றே மூன்று பக்கம். கிழித்துவிட்டோம் என்றால் கிழித்தது யார் என்று சொல்லுங்கோ. அதுவும் எங்களுக்கு ஒரு பெயர்தான்.