தொடுதிரையை யார் தொடுவது?

2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது, அவற்றோடு கறுப்புக் கட்டங்களாய் க்யூஆர் குறியீடும் வந்தது. கைபேசியை அதன்மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காட்டுவதற்குக் கைபேசி வேண்டுமே! நம் காலனி வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரே கைபேசி. அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனால், இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும்.

2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிகளுக்குள் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் நுழைந்தார்கள். இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. கைபேசி உள்ள வீடுகளுக்கு வாட்ஸப்பில் வீட்டுப்பாடம் வந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பலர் கூலி வேலைக்குப் போனார்கள். விட்டுப்போன படிப்பை மீட்க, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தெருத்தெருவாகத் தன்னார்வலர்களை அனுப்ப வேண்டியிருந்தது. கருவி மட்டும் ஆசிரியர் ஆகிவிடாது என்பதை அப்போதே கண்டோம்.

அதற்காகக் கைபேசி வழிக் கல்வியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்று கேட்கத் தயங்கும் முதல் தலைமுறைப் பிள்ளை, கைபேசியில் அதே பாடத்தைப் பத்துத் தடவை கேட்கலாம். அது முகம் சுளிக்காது. “உங்களுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?” என்றும் கேட்காது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைக்கு இது பெரிய துணை.

நம் கேள்வி வேறு. அந்தக் கருவி வகுப்பில் யார் கையில் இருக்கும்?

பள்ளியில் அண்ணல் அம்பேத்கர் தனியே கோணிச் சாக்கில் உட்கார்ந்து படித்தார். தண்ணீர்க் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர். இன்று சாக்கு இல்லை. ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு டேப் என்று கொடுத்தால், திரையைத் தள்ளும் விரல் யாருடையது, பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் கண்கள் யாருடையவை? ஆசிரியர் கவனிக்காவிட்டால் ஊர் வழக்கமே வகுப்பிலும் நடக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024இல் அரசு டேப் வழங்கியது. அது பதிவேடு ஏற்றுவதோடு நின்றுவிடக் கூடாது. பிள்ளைகளின் கைக்கும் வர வேண்டும். வீட்டிலிருந்து கைபேசி கொண்டுவரச் சொல்வது ஏழைப் பிள்ளையை எல்லார் முன்னும் காட்டிக்கொடுப்பது. ஆகவே கருவி பள்ளியின் சொத்தாக இருக்கட்டும். பாடங்களைப் பள்ளியிலேயே முன்கூட்டிப் பதிவிறக்கி வைத்தால் பெற்றோருக்கு நெட் செலவு இல்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளையும் கலந்து குழு அமைத்து, முறைவைத்துக் கொடுக்க வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் இணைய இணைப்பு முதலில் வந்து சேர வேண்டும்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூலி போனாலும் போவோம். நம் பள்ளியில் எத்தனை கருவிகள் உள்ளன, எத்தனை வேலை செய்கின்றன, நம் பிள்ளை அதை வாரத்தில் எத்தனை முறை தன் கையால் தொடுகிறது என்று மூன்றே கேள்விகள் கேட்போம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்வோம்.

மாணவத் தம்பி தங்கைகளே, உங்கள் முறை வரும்போது பின்வாங்காதீர்கள். கை நீட்டி வாங்குங்கள். அது சலுகையல்ல, உங்கள் பாடம்.