பார்வை போன பின் பரிசோதனையா?

"கண்தான் நன்றாகத் தெரிகிறதே, பிறகெதற்குப் பரிசோதனை?" - இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு அழைக்கப் போனால் வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால், கிளாக்கோமா என்னும் கண்நீர் அழுத்த நோய் வளர்வதே இந்த நம்பிக்கையின் நிழலில்தான்.

கண்புரை வந்தவனுக்குப் பார்வை மங்குகிறது. அவனே மருத்துவரைத் தேடிப் போகிறான். அறுவைக்குப் பின் பார்வை திரும்புகிறது. கிளாக்கோமா அப்படியல்ல. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடுகிறது. கண்டதை மூளைக்குச் சொல்லும் நரம்பு சிறிது சிறிதாகப் பட்டுப்போகிறது. பெரும்பாலோர்க்கு வலியில்லை, சிவப்பில்லை. முதலில் போவது பக்கப் பார்வை. தறியில் இழை தெரியும். காலருகே கிடக்கும் கட்டை தெரியாது. எதிரே வரும் பஸ் தெரியும். பக்கத்தில் வரும் லாரி தெரியாது. இடறி விழுந்தவனை, "கவனமில்லை" என்று மேஸ்திரி ஏசுவார். உண்மை விளங்கும்போது நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். போனதை மீட்க மருந்தில்லை. இருப்பதைக் காக்கத்தான் மருந்துண்டு.

மதுரை, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைச் சோதித்து, அரவிந்த் கண் மருத்துவமனையினர் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேரிடம் இந்நோய் இருந்தது. ஓசையின்றி வளரும் வகைக்கு ஆளானோரில் நூற்றுக்கு 93 பேர் அதுவரை அதை அறியவே இல்லை! 1819-லேயே சென்னையில் கண் மருத்துவமனை எழுந்த நாட்டில் இந்த நிலை.

"நூறு பேரைச் சோதித்து இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடிப்பது வீண் செலவல்லவா?" என்று கணக்குப் பார்ப்போர் உண்டு. அதில் பொருள் இல்லாமலில்லை. ஆகவே யாரை முதலில் அழைப்பது என்று தெரிந்து அழைக்க வேண்டும். நாற்பதைக் கடந்தோர், நீரிழிவுள்ளோர், தூரப் பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுவோர், எல்லாருக்கும் மேலாக, இந்நோய் கண்டவரின் உடன்பிறந்தார், பிள்ளைகள். இன்னொரு கூட்டமும் உண்டு. கண் உறுத்தினால் கடையில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் விட்டுக்கொள்வோர். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தே இந்நோயை உண்டாக்கவல்லது என்பதை நம் தோழர்கள் ஆலைதோறும் சொல்ல வேண்டும்.

முகாம் நடத்துவோருக்கும் ஒரு சொல். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடிக்குச் சீட்டெழுதி அனுப்பினால் கிளாக்கோமா தப்பிவிடும். அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் சரியாயிருந்தும் நரம்பு கெடுவோர் உண்டாகையால், விழியின் உட்புறத்தையும் மருத்துவர் நோக்க வேண்டும். மாலைகளும் புகைப்படங்களும் சற்றுக் குறைந்தால் குற்றமில்லை! வேலை நாளில், பகல் பத்து மணிக்கு முகாம் வைத்தால் கூலிக்காரன் எப்படி வருவான்? ஞாயிறன்று வையுங்கள், ஷிப்டு முடியும் நேரத்தில் ஆலை வாயிலில் வையுங்கள்.

நோய் கண்டறியப்பட்டவர் கதி என்ன? இங்கேதான் பல முகாம்கள் கை கழுவிவிடுகின்றன. சொட்டு மருந்தை நாள்தோறும், பெரும்பாலும் ஆயுள் முழுதும் விட வேண்டும். விட்டாலும் பார்வை கூடாது. நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. கையில் காசில்லாத மாதத்தில் முதலில் நிற்பது அந்தப் புட்டிதான். அரசு மருத்துவமனைகளில் இம்மருந்து தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். மறுபரிசோதனைக்குப் போகும் நாளுக்கு ஆலை நிர்வாகம் சம்பளம் பிடிக்கக் கூடாது. இவற்றை நாம் சலுகையாகக் கேட்கவில்லை.

கிளைத் தோழர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். நோய் கண்டவரின் இசைவோடு, அவர் பெயர், மருந்தின் பெயர், அடுத்துப் போக வேண்டிய தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளட்டும். முகாம் முடிந்த மூன்றாம் மாதம் அதைத் திறந்து, மருந்தை நிறுத்தியவர் வீட்டுக் கதவைத் தட்டட்டும்.