விடை இரவல், அறிவு இரவலாகுமா?

பௌதிகத்திலும் ரசாயனத்திலும் உபாத்தியாயர் கொடுத்தனுப்பும் வீட்டுக் கணக்குகளை மாணாக்கர் இணையத்தில் கேட்டு எழுதிக்கொள்ளும் வழக்கம் எங்கும் பரவி வருகிறது. கேள்வியைக் கைப்பேசியால் படம் பிடித்து அனுப்பினால், சில வினாடிகளில் சூத்திரமும் விடையும் வந்து நிற்கின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டுமென்ற அவசியமும் நீங்கிவிட்டது. இதை அடியோடு தடுத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிட வேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் நமக்குச் சம்மதமில்லை.

உக்கடத்தையே எடுத்துக்கொள்வோம். கூலி வேலையாலும் சிறு வியாபாரத்தாலும் ஜீவிக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடம் அது. அங்கே ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டும்பொழுது, வீட்டில் ஐயம் கேட்க ஒருவருமில்லை, டியூஷனுக்குப் பணமுமில்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் வாசல் தேடி வருகிறார். ஏழைப் பிள்ளைக்கோ, தகப்பனார் வேலை முடிந்து வந்தபின் சிறிது நேரம் கைக்குக் கிடைக்கும் கைப்பேசி ஒன்றே துணை. அதையும் பறித்துக்கொள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தூரத்திலிருந்து வரும் உதவி நல்லுதவியாக இருக்கக் கூடும் என்பதும் கண்கூடு. அமெரிக்காவில் ஸல்மான் கான் என்பவர் 2004-இல் வேறோர் ஊரிலிருந்த உறவினர் சிறுமிக்குத் தொலைபேசி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். அதிலிருந்தே 2008-இல் கான் அகாடமி என்ற இலவச ஸ்தாபனம் பிறந்தது.

ஆனால், சொல்லிக் கொடுப்பது வேறு, செய்து கொடுப்பது வேறு. ஓர் உதாரணம் கூறுவோம். நான்கு கிராம் ஹைட்ரஜன் வேண்டிய அளவு பிராணவாயுவுடன் முற்றும் எரிந்தால் எவ்வளவு நீர் உண்டாகும்? 36 கிராம் என்று இணையம் விடை தருகிறது, பிள்ளை எழுதிக்கொள்கிறான். பரீட்சையில், அதே நான்கு கிராம் ஹைட்ரஜனுக்குப் பதினாறு கிராம் பிராணவாயுவே உண்டு என்று கேள்வி சற்று மாறுகிறது. பார்த்தெழுதியவன் மீண்டும் 36 என்கிறான். இருபது கிராம் பொருளிலிருந்து 36 கிராம் நீர் எங்ஙனம் வரும் என்ற கேள்வியே அவனுக்கு எழவில்லை. கணக்கின் உயிரை உணர்ந்தவனோ, பிராணவாயு முதலில் தீர்ந்துவிடும், நீர் பதினெட்டு கிராம், மிஞ்சும் ஹைட்ரஜன் இரண்டு கிராம் என்று தெளிகிறான். முன்னவனிடம் இருந்தது விடை. பின்னவனிடம் இருப்பது அறிவு.

அன்னிய ஆடையை விலக்கி ராட்டையைக் கையிலெடுத்த தேசத்துக்கு இந்த வேற்றுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயத்தமாக வந்திறங்கும் விடை, கப்பலில் வந்திறங்கிய சீமைத் துணியைப் போன்றது. உடம்பை மூடும், நெய்யும் கையை வளர்க்காது. எனினும், அயலார் உதவியே கூடாது என்பது சுதேசியம் அன்று. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் கோவையில் நூற்பாலை எழுந்தபொழுது இயந்திரங்கள் சீமையிலிருந்தே வந்தன. 1932-இல் பைக்காரா மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கி, ஆலைகளும் கிணறுகளும் மோட்டார்களைக் கேட்டன. வந்த யந்திரத்தைக் கோவைத் தொழிலாளர் ஓட்டியதோடு நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தார்கள், பழுது நீக்கினார்கள், உறுப்புகளை வார்த்தெடுத்தார்கள். 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். இணையத்தில் வரும் விடையையும் நம் பிள்ளைகள் இவ்வாறே கழற்றிப் பார்க்க வேண்டுமென்கிறோம்.

அதற்கு வழி கடினமானதன்று. முதலில் கணக்கைத் தானே முயன்று, எந்த அடியில் தடைப்பட்டதோ அந்த அடியை மட்டும் கேட்க வேண்டும். விளக்கம் வந்தபின் கைப்பேசியை மூடி வைத்து, முதலிலிருந்து மறுபடியும் போட வேண்டும். பிறகு எண்களை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். வந்த விடையை நம்புமுன் சோதிக்கவும் வேண்டும். ஏனெனில் இயந்திரம் தவறான விடையையும் சரியான விடையைப் போன்றே உறுதியோடு உரைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பேருந்து ஒரே சீராக வேகம் குறைந்து ஐந்து வினாடியில் நின்றால், அதற்குள் அது கடக்கும் தூரம் 25 மீட்டர். மணிக்கணக்கை வினாடிக் கணக்காக மாற்ற மறந்தால் 90 மீட்டர் என்று வரும். அலகைக் கவனிக்கும் பிள்ளையை எந்த இயந்திரமும் ஏமாற்ற இயலாது.

பாஷையையும் மறந்துவிடலாகாது. 1916-ஆம் ஆண்டிலேயே ராஜாஜி முதலியோர் சேலத்தில் சங்கம் அமைத்து விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்க முற்பட்டனர். பின்னர் அவரே 'திண்ணை ரசாயனம்' என்ற நூலை எழுதினார். திருப்பூரில் பிறந்த அவிநாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி மந்திரியாக இருந்தபொழுது, உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிப் போதனைக்கு உறுதுணையாக நின்றார். கொங்கு நாட்டுப் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இவ்வளவு உழைப்புக்குப் பின்னும், தமிழில் படிக்கும் பிள்ளை தன் ஐயத்தை ஆங்கிலத்தில் எவ்வாறு கேட்பதென்று தயங்கி, கேளாமலே விட்டுவிடுவது நமக்குப் பெருமையாகுமா?

மாணாக்கரை மட்டும் எச்சரித்து அமைவது நியாயமன்று. 2018 முதல் வெளிவந்த பாடநூல்களில் சர்க்கார் க்யூ.ஆர். குறியீடுகளை அச்சிட்டது; 2019-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. இவை நற்செயல்களே, ஆனால் அவை பாடம் உரைக்குமேயன்றிப் பிள்ளையின் கேள்விக்குச் செவி கொடா. 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' எட்டாம் வகுப்பு வரையிலுள்ள பிள்ளைகளுக்கென்று அமைந்தது. பௌதிகமும் ரசாயனமும் கடினமாவதோ அதற்கு மேற்பட்ட வகுப்புகளில்தான். ஆகையால், கோவை மாநகராட்சி தன் மேல்நிலைப் பள்ளிகளில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்து வைத்து, கணினியும் இணையமும் அளித்து, ஐயம் தீர்க்க ஓர் ஆசிரியரையும் அமர்த்த வேண்டுமென்று கோருகிறோம். கல்லூரிகள் மலிந்த இந்நகரில், வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஈந்து தமிழில் விளக்கம் சொல்லக்கூடிய வாலிபர்களுக்குப் பஞ்சமிராது. இப்பணியை உக்கடத்திலேயே தொடங்கலாம்.

உக்கடத்துப் பிள்ளையின் கண்ணெதிரே, 2024-இல் திறந்த மேம்பாலத்தின் மீது பேருந்துகள் ஏறி இறங்குகின்றன. பெரியகுளத்து நீர்மேல் சூரிய மின்சாரத் தகடுகள் மிதக்கின்றன. இவற்றைச் செய்தவர்களும் ஒரு காலத்தில் வீட்டுக் கணக்குக்கு விடை காணாமல் விழித்தவர்களே. அவ்வாறு விழிக்கும் பிள்ளையின் அருகில் அமர்ந்து, அடுத்த அடி யாது என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை அளிக்க வேண்டியது நகரத்தாரின் கடமை.