போத்தலின் வயதும் ஊரின் பெயரும்

இலங்கையின் தென்னஞ் சாராயம் ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிரவைக்கப்படுகின்றது. தமிழில் சவண்டலை எனப்படும் இம்மரத்துக்கு ஆங்கிலேயர் வழங்கிய வணிகப் பெயர் ‘திருகோணமலை மரம்’. சென்னையின் மசூலாப் படகுகள்கூட இம்மரத்தால் கட்டப்பட்டன.

மதுவை விலக்கிய வாசகர்கள், இது நமக்கெதற்கு என வினவக்கூடும். நாம் பேசுவது குடியைப் பற்றியன்று, சான்றைப் பற்றி. பீப்பாயில் கழிந்த ஆண்டுகளை வாங்குபவர் காணமுடியாது, சுட்டுத்துண்டையே நம்பவேண்டும். பிரான்சின் கொன்யாக்கில் வி.எஸ். எனில் குறைந்தது 2 ஆண்டுகள்; வி.எஸ்.ஓ.பி. எனில் 4, எக்ஸ்.ஓ. எனில் முன்னர் 6, 2018 முதல் 10. அவ்வெழுத்துகளுக்குப் பின்னால் சட்டம் நிற்கின்றது. சான்றளிப்பவர் எவர் என்ற வினாவின் கனத்தை, 2013இல் ஹலால் இலச்சினை பட்ட பாட்டைக் கண்ட நம்மவர்க்கு விளக்கவேண்டியதில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புவியியற் குறியீடுகளுக்குப் பாதுகாப்பளித்தது. எனினும் அவற்றைப் பதிவுசெய்யும் ஏற்பாடு 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துடனேயே வந்தது. 19 ஆண்டுத் தாமதம்! அவ்வாண்டு பெப்ரவரியில் ‘சிலோன் கறுவா’ ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாயிற்று.

சாராயத்தை அதன் உற்பத்தியாளர் பார்த்துக்கொள்வர். கிண்ணியாவினதும் தம்பலகாமத்தினதும் எருமைத் தயிரின் பெயரைக் காப்பவர் எவர்? பண்ணையாளரை ஒன்றுகூட்டி விண்ணப்பம் தயாரிக்கும் பணியை மாவட்டச் செயலகம் இவ்வாண்டே தொடங்கவேண்டும்.