காட்டிக் கொடுக்கும் அறிவிப்புப் பலகை

மீண்டும் ஓர் ஆணையம். ஆணவக் கொலைகளுக்கு எதிரான தனிச்சட்டம் குறித்துப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபர் 17 அன்று சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள். நெல்லையில் ஜூலை மாதம் ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு தெருவில் நின்று தனிச்சட்டம் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் இது. நீதிபதி மீது நமக்குக் குறையில்லை. என்ன செய்வதென்று தெரியாமல்தான் இத்தனை காலம் கையைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்பது போன்ற பாவனையைத்தான் சகிக்க முடியவில்லை. மத்திய சட்ட ஆணையம் 2012-லேயே தன் 242-ஆவது அறிக்கையில் வரைவுச் சட்டத்தையே எழுதிக் கொடுத்துவிட்டது.

சாதி விட்டுச் சாதி கட்டியவர்களைப் பற்றியாவது பேச்சு இருக்கிறது. மதம் விட்டு மதம் கட்டுகிறவர்களின் பாடு அந்தப் பேச்சிலும் ஓரமாகத்தான் வருகிறது. நாகூர் தர்காவின் பெரிய மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் என்று மேடைக்கு மேடை சொல்லிப் பூரிக்கிறோம். வேளாங்கண்ணிக்கு எல்லா மதத்தாரும் நடந்தே போகிறோம். அதே ஊர்களில் ஓர் இந்துப் பையனும் ஒரு முஸ்லிம் பெண்ணும் அவரவர் மதத்திலேயே இருந்துகொண்டு கல்யாணம் செய்ய நினைத்தால் என்ன ஆகிறது என்று யாராவது பார்த்ததுண்டா?

சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்ட அங்கீகாரம் தந்த பெருமை நமக்கு உண்டு. ஆனால் அது இருவரும் இந்துவாக இருந்தால்தான் செல்லும். இவர்களுக்கு மிச்சம் இருப்பது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மனுக் கொடுக்க வேண்டும். மனு எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டப்படும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். ஊருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி அங்கே மனுக் கொடுத்தாலும் தப்ப முடியாது. 6-ஆம் பிரிவின்படி அந்த மனுவின் நகல் அவர்களுடைய நிரந்தர முகவரி இருக்கும் ஊரின் திருமண அலுவலருக்குப் போகும், அங்கேயும் ஒட்டப்படும்.

டெல்டாவில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். காலை பத்து மணிக்கே வாசலில் கூட்டம். பத்திர எழுத்தரின் மேசை, ஜெராக்ஸ் கடை, டீக்கடை. பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகள், கிரயத்துக்கு வந்தவர்கள், வில்லங்கச் சான்றுக்குக் காத்திருப்பவர்கள். டோக்கன் கூப்பிடும்வரை சுவரில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் படிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்தத் தாளில் பையன் பெயர், பெண் பெயர், வயது, தொழில், கதவு எண்ணோடு முகவரி. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெண்ணின் சித்தப்பாவைத் தேடிக்கொண்டு யாரும் அலைய வேண்டாம். அவரே அந்த வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

1872-இல் வெள்ளைக்காரன் போட்ட பழைய சிறப்புத் திருமணச் சட்டத்தில் காத்திருப்பு 14 நாள். சுதந்திர இந்தியா அதை 30 ஆக்கியது. அறிவிப்பை ஒட்டுவதும் விடுவதும் மணமக்களின் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. மனுக்களை இணையத்தில் ஏற்றுவதைக் கேரளம் 2020-லேயே நிறுத்தியது. சிறப்புத் திருமணச் சட்டத்துக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் 50-ஆவது பிரிவில் மாநில அரசுக்கு இருக்கிறது. சமூகநீதியின் தலைநகரம் என்று மார்தட்டும் கோட்டையில் அந்தப் பிரிவைப் புரட்டிப் பார்த்த அறிகுறி இல்லை.

விளைவு என்ன? இப்படிப்பட்டவர்கள் மதம் மாறாமல் கட்ட நினைத்தால் ஒரு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒருவர் மதம் மாறிவிட்டால், மாறிய மதத்தின் முறைப்படி இந்த முப்பது நாள் தண்டனை இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். மனம் ஒப்பாத மதமாற்றத்துக்கு அரசின் நடைமுறையே ஆள்பிடித்துக் கொடுக்கிறது. பிறகு மதமாற்றம் என்று கூச்சலும் எழுகிறது.

மனம் ஒப்பி மாறியவருக்காவது மரியாதை உண்டா? பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர் இங்கே பிற்படுத்தப்பட்டோர். அவர் பிற்படுத்தப்பட்ட சாதி இந்துவை மணந்தால், காகிதத்தில் இருவரும் ஒரே வகுப்பு. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண நிதியுதவி இல்லை, எட்டு கிராம் தங்கமும் இல்லை. சேரியில் பிறந்தவன் என்று அடிக்க வருகிறவனுக்கு மட்டும் அவர் சாதி மறப்பதே இல்லை.

எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகமான யூதர்களைப் பாருங்கள். கலப்பு மணத்தால் சமூகமே கரைந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு நம்மைவிட அதிகம். அப்படியும் 1978-இல் அமெரிக்காவின் சீர்திருத்த யூதர்களின் தலைவர் அலெக்சாண்டர் ஷிண்ட்லர், வேற்று மதத்தில் மணந்தவர்களை விரட்டாமல் அழைத்து உட்கார வையுங்கள் என்றார். அந்த வழியில் வந்த ஜெப ஆலயங்கள் பல இன்று கலப்புத் தம்பதிகளுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் வகுப்பும் ஆலோசனையும் நடத்துகின்றன. நம் கோயில், தேவாலயம், ஜமாத் எதிலாவது அப்படி ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களா? அவர்களை விடுங்கள், வரிப்பணத்தில் நடக்கும் அரசு போட்டதா?

கலப்பு மணம் செய்தவர்களைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது. பாதுகாப்பு இல்லங்கள் பற்றி உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது. 2024 ஜனவரியில் நடந்தது என்ன? சாதி விட்டுச் சாதி கட்டிக்கொண்ட பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண்ணைப் பல்லடம் காவல் நிலையம் பெற்றோருடன் அனுப்பி வைத்தது. பிணமாகத்தான் மிஞ்சினார், பெற்றோர் மீதே கொலை வழக்கு. ஆய்வாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

அரசு வேலை செய்யும் லட்சணம் டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனைந்து முளைவிட்டது. மழை வரும் என்பதும், சாக்கும் லாரியும் வேண்டும் என்பதும் தெரியாத ரகசியமா? நெல் முளைத்த பிறகு ஈரப்பதத்தை அளக்கக் குழு வந்தது. அதே புத்திதான் இங்கும்: உயிர் போன பிறகு அளக்க ஆணையம்.

அறிக்கை வரும், அட்டை போட்டு மேசையில் வைப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த முறையாவது மதம் கடந்து மணப்பவர்களையும் மதம் மாறியவர்களையும் கணக்கில் சேர்த்து ஒரு வழி காண வேண்டும். அதுவரை, ஓடி வந்தவர்களின் முகவரியை ஊருக்கே அறிவிக்கும் ஓர் அரசு, அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறோம் என்று சொல்லும் யோக்கியதையை இழந்தே நிற்கிறது.