ஓசிச் சட்டியின் விலை

கேசினோவில் கொடுத்த வாணலியில் தோசை வார்த்தால் ஒட்டுகிறது. கேசினோவில் கொடுத்த போர்வை முதல் சலவையிலேயே பஞ்சு பஞ்சாக உதிர்ந்தது. கேசினோவில் கொடுத்த சூட்கேஸ் சென்னை போய்ச் சேரவேயில்லை, லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்திலேயே சக்கரம் கழன்றுவிட்டது. இதில் எதையும் நான் தூக்கிப்போடவும் முடியாது. "ஓசில வந்ததுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்பார் என் வீட்டுக்காரர். ஓசியாம்!

நாங்கள் இருப்பது தெற்குக் கலிஃபோர்னியா. சான் டியேகோ கவுன்டியில் மட்டும் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலங்கள் 18 இருக்கின்றன; அமெரிக்காவில் வேறெந்தக் கவுன்டியிலும் இத்தனை கிடையாது. மொட்டை மலைகளுக்கு நடுவே திடீரென்று ஒரு பத்து, பதினைந்து மாடிக் கட்டடம் மினுக்கிக்கொண்டு நின்றால் அது கேசினோதான். கோவிலுக்குப் போகிற வழியிலும் ஒன்று, மளிகைக் கடைக்குப் போகிற வழியிலும் ஒன்று.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் எரிச்சல் அந்த மக்கள்மேல் இல்லை. நல்ல நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொண்டு கல்லும் கள்ளியும் மிஞ்சிய இடத்தில் ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். இண்டியோ பக்கத்துக் கபசான் மக்கள் பிங்கோவும் சீட்டாட்டமும் நடத்தியபோது, மாநிலமும் ரிவர்சைடு கவுன்டியும் தடுக்கப் பார்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் பூர்வகுடிகள் பக்கம் தீர்ப்பானது. அடுத்த வருடமே பூர்வகுடிச் சூதாட்டத்துக்கென்று மத்தியச் சட்டம் வந்தது. 2000-இல் கலிஃபோர்னியா மக்கள் வாக்களித்து ஸ்லாட் மெஷின்களுக்கு வழிவிட்டார்கள். லாபத்தை எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று அந்த மத்தியச் சட்டத்திலேயே இருக்கிறது: குடியின் அரசாங்கம், மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தர்மம், அக்கம்பக்கத்து உள்ளாட்சிகள். கேசினோ இல்லாத, அல்லது சின்னதாக வைத்திருக்கிற குடிகளுக்கு வருடத்துக்கு 1.1 மில்லியன் டாலர் வரை பங்கு தரும் பொது நிதி ஒன்றும் இந்த மாநிலத்தில் உண்டு. 2023-இல் நாடு முழுக்கப் பூர்வகுடிக் கேசினோக்களின் வருமானம் 41.9 பில்லியன் டாலர். சம்பாதிக்கட்டும். லாஸ் வேகஸ் கம்பெனிகளுக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு ஆகாதது, ஆட ஆடப் பாயிண்ட் சேர்க்கிற அந்தக் கார்டு. சுருள்சுருளான பிளாஸ்டிக் கயிற்றில் கோத்து, ஒரு நுனியைச் சட்டைப் பொத்தானில் மாட்டி, மறு நுனியிலிருக்கும் கார்டை மெஷினுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அது. விமானக் கம்பெனிகளைப் பார்த்துச் சூதாட்டக்காரர்களும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 1997-இல் ஹாராஸ் கேசினோ கம்பெனி தன் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கார்டு என்று ஆரம்பித்தது. இன்று மலையடிவாரத்தில் இருநூறு மெஷின் போட்டிருக்கிறவர்கள்கூடக் கார்டு இல்லாமல் உங்களை உள்ளே விட மனசில்லாமல்தான் இருக்கிறார்கள்.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். அதனால் ஒருநாள் உட்கார்ந்து எழுதியே பார்த்துவிட்டேன். கார்டு எதை எண்ணுகிறது? நீங்கள் தோற்றதையும் இல்லை, ஜெயித்ததையும் இல்லை. மெஷினில் எவ்வளவு பந்தயம் ஓடியது என்பதைத்தான். 100 டாலர் போட்டு, வந்ததையே திரும்பத் திரும்பப் போட்டு ஆடினால் 500 டாலர் ஓடியதாகக் கணக்கு ஏறும். ஒரு தட்டுக்கு ஒரு டாலர் என்றாலும் ஒரு மணி நேரத்தில் 500 தட்டு தாராளமாகத் தட்டலாம்; என் வீட்டுக்காரர் தட்டுகிற வேகத்துக்கு அதற்கு மேலேயும் போகும். கனெக்டிகட் மாநிலத்தில் இரண்டு பூர்வகுடிக் கேசினோக்களின் ஸ்லாட் கணக்கு மாதாமாதம் பொதுவில் வருகிறது. ஓடுகிற பணத்தில் சுமார் 8 சதவீதம் கேசினோவுக்கு நிற்கிறது. கலிஃபோர்னியாவில் அந்தக் கணக்கைக் கண்ணில் காட்டுவதில்லை, ஆகவே அந்த 8-ஐயே கடன் வாங்கிக்கொள்கிறேன். 500 டாலர் ஓட்டினால் 40 டாலர் போகும். எங்கள் பக்கத்துக் கேசினோவில் 5 டாலருக்கு ஒரு பாயிண்ட், 100 பாயிண்ட்டுக்கு ஒரு டாலர். அதாவது 40 டாலரை வாங்கிக்கொண்டு ஒரு டாலரைத் திருப்பித் தருகிறார்கள். அந்த ஒரு டாலருக்குத்தான் கயிறு, கார்டு, ரகசிய எண், போனில் ஆப், பிறந்தநாளைக்கு ஒரு வாழ்த்து.

வாணலிக்கு வருவோம். வியாழக்கிழமை 'பரிசு நாள்'. அன்றைக்கு 500 பாயிண்ட் சேர்த்தால் ஒரு சட்டி. அடுத்த வியாழன் அதற்கு மூடி. அதற்கடுத்த வியாழன் கரண்டி செட். மூடி இல்லாத சட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மறுபடி போவார். 500 பாயிண்ட் என்றால் 2,500 டாலர் ஓட வேண்டும், அதில் சராசரியாக 200 டாலர் அவர்களுக்கு. இருபது டாலருக்குக் கடையில் கிடைக்கிற சட்டி! ஆடித் தள்ளுபடிக்கு விலையை ஏற்றி இறக்குகிற ஜவுளிக்கடைக்காரர்கூட இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்.

இதை ஒரு விருந்தில் சொல்லிவிட்டேன். அவருடைய நண்பர் ஒருவர், பிளாட்டினம் அந்தஸ்துக்காரர், சிரித்தார். "சிஸ்டர், நீங்க எல்லாத்தையும் பணமா பாக்கறீங்க. போன மாசம் ரூம் ஃப்ரீ, பஃபே ஃப்ரீ, பார்க்கிங் வாசல்லயே." பிளாட்டினத்துக்கு 25,000 பாயிண்ட். 1,25,000 டாலர் ஓட வேண்டும். எட்டு சதவீதம் போட்டால் 10,000 டாலர். பத்தாயிரத்தைக் கொடுத்துவிட்டு, பஃபே வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே போகிறார். அதுவும் வருடம் முடிந்தால் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். நவம்பர், டிசம்பரில் பாருங்கள், அந்தஸ்து இறங்கிவிடுமோ என்ற பயத்திலேயே எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று. என் வீட்டுக்காரரும் அவர்களில் ஒருவர். அலுவலகத்தில் வருடாந்திர இலக்கு என்றால் முணுமுணுக்கிறவர், இங்கே தானே ஒன்றை வைத்துக்கொண்டு சனிக்கிழமையும் உழைக்கிறார்.

சரி, ஃப்ரீ ப்ளே? அதாவது மெஷினில் மட்டும் செல்லுபடியாகிற காசு. எடுத்துப் பையில் போட முடியாது, ஒரு தடவை ஆடியே தீர வேண்டும், ஆடி ஜெயித்தது நம்முடையது. மாதாமாதம் பளபள அட்டையில் தபாலில் வரும். 80 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே பொடி எழுத்தில், வாரத்துக்கு 20, அந்தந்த வாரம் வராவிட்டால் காலி. போக வர 120 மைல். கலிஃபோர்னியாவில் பெட்ரோல் விற்கிற விலைக்கு 20 டாலர் அதிலேயே தீர்ந்துவிடும். இருபது டாலரை நியாயமாக ஒரு சுற்று ஆடி எடுத்தால் சராசரியாகப் பதினெட்டு சொச்சம் கையில் வரும். எடுத்துக்கொண்டு கிளம்பினால் கிட்டத்தட்ட நஷ்டமில்லை. ஆனால் பதினெட்டு டாலரோடு எழுந்து வந்த மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை.

போன தடவை என் மாமியார் மதுரையிலிருந்து வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனார். அத்தை கேசினோவைப் பார்த்து, "என்னடா இது, கல்யாண மண்டபத்துல சீரியல் பல்பு போட்ட மாதிரி" என்று சொல்லிவிட்டு, மகன் காட்டிய மெஷினில் உட்கார்ந்து தட்டினார். 1,500 டாலர் விழுந்தது! மெஷின் பூட்டிக்கொண்டு விளக்கு சுழன்றது. ஸ்லாட்டில் 1,200 டாலரோ அதற்கு மேலோ ஒரே தட்டில் விழுந்தால் வரித்துறைக்குத் தாள் போக வேண்டும் என்பது அப்போதைய விதி (2026-இலிருந்து அது 2,000). ஊழியர் வந்து அடையாள அட்டை கேட்டார். இந்தியப் பாஸ்போர்ட், சுற்றுலா விசா. முப்பது சதவீதம் அங்கேயே பிடித்துக்கொண்டு 1,050 கொடுத்தார்கள். சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி இந்த வரி கிடையாது. அந்தப் பட்டியலில் ஜப்பான் இருக்கிறது, இத்தாலி இருக்கிறது, இந்தியா இல்லை. ப்ளாக்ஜாக்கிலோ ரூலெட்டிலோ ஜெயித்திருந்தால் வெளிநாட்டாருக்கு வரியே இல்லையாம். மதுரையிலிருந்து வந்த எழுபது வயது அம்மாவை ப்ளாக்ஜாக் மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டும் போல! "450 போயிருச்சே" என்று நான் சொன்னால், இவர் சொன்ன பதில்: "என் கார்டுல பாயிண்ட் ஏறிடுச்சு."

இந்தப் பாயிண்ட்டை இன்னொரு கேசினோவுக்குக் கொண்டுபோகலாம் என்றாலும் முடியாது. ஒவ்வொரு குடியும் தனி அரசாங்கம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கார்டு. விதிவிலக்கு சில உண்டு. ரின்கான் குடியின் நிலத்தில் இருக்கும் ஹாராஸில் சேர்ந்தது சீஸர்ஸ் கம்பெனியின் கார்டில் ஏறும், வேகஸிலும் செல்லும். யாமவா கேசினோவை நடத்தும் சான் மனுவேல் குடியினர் வேகஸில் பாம்ஸ் ஓட்டலையே வாங்கிவிட்டதால் அவர்கள் கார்டு இரண்டு இடத்திலும் ஓடும். மற்றபடி இவர் பர்ஸைத் திறந்தால் சீட்டுக்கட்டு மாதிரி கார்டுகள்தான், ஓட்டுநர் உரிமத்தைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏதாவது தகராறு என்றால் அடுத்த தலைவலி. 'இன்று ஐந்து மடங்கு பாயிண்ட்' என்று தபால் வந்து, போய், நாள் முழுக்க ஆடி, ஒரு மடங்குதான் ஏறியது. கேட்டால், வாசலிலிருக்கிற திரையில் முதலில் கார்டைத் தேய்த்துப் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டுமாம். அட்டையின் பின்பக்கம் போட்டிருக்கிறதாம். போட்டிருந்தது, எறும்பு எழுத்தில். மாநில அரசிடம் முறையிட வழியில்லை. அந்தக் குடியின் சொந்த ஆணையத்திடம்தான் மனுப் போட வேண்டும். இறையாண்மை அவர்களுடையது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நாலு டாலர் பாயிண்ட்டுக்காக இன்னொரு அரசாங்கத்தின் கதவைத் தட்ட யாருக்கு இங்கே நேரமிருக்கிறது?

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?" என்று கேட்கிறார். சொல்லிவிட்டேன், ஒரு தடவைக்கு நூறு தடவை. புதுக் கார்டுக்குக் கொடுக்கிற முதல் ஃப்ரீ ப்ளேயை வாங்கிக்கொள். பாயிண்ட் இருந்தால் சாப்பாட்டுக்குப் போடு, சட்டிக்குப் போடாதே. ஆடியே ஆக வேண்டுமா, ப்ளாக்ஜாக் மேசையில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார். 10 டாலருக்கு 15 தருகிற மேசையில், ஒழுங்காக ஆடினால் நூற்றுக்கு அரை டாலர்தான் அவர்களுக்கு. 12 தருகிற மேசையில் அது இரண்டு டாலரைத் தொடும். மேசைக்கு மேசை வித்தியாசம் ஒரு சின்னப் பலகையில்தான். வீடியோ போக்கரிலும் அப்படித்தான்: ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷ்ஷுக்கு 6 தருகிற மெஷின் நூற்றுக்கு 99.5 திருப்புகிறது, 8-ம் 5-மாக இருந்தால் 97.3. அதனால்தானோ என்னவோ, வீடியோ போக்கருக்குப் பல இடங்களில் பாயிண்ட் பாதிதான் தருகிறார்கள். எங்கே பாயிண்ட் தாராளமாக ஏறுகிறதோ, அங்கே பணம் தாராளமாக இறங்குகிறது என்று ஒரு மனிதருக்குப் புரிய வைக்க எத்தனை வருடம்தான் ஆகும்!

கார்டு வைத்திருப்பதில் எனக்குத் தெரிந்து உருப்படியான லாபம் ஒன்றுண்டு. கேட்டால், வருடத்துக்கு எவ்வளவு ஜெயித்தீர்கள், எவ்வளவு தோற்றீர்கள் என்று ஒரு தாள் தருவார்கள். அவர்களிடம் எல்லாம் இருக்கிறது. எந்த மெஷின், எத்தனை மணிக்கு, எத்தனை தட்டு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இப்படிக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கை வருடம் ஒரு தடவையாவது அனுப்பியே ஆக வேண்டும் என்று சட்டம். இங்கே மாதாமாதம் வருகிற பளபள அட்டையில் அவர் பெயர், பாயிண்ட், அந்தஸ்து, பிறந்தநாள், அடுத்த சட்டியின் படம் எல்லாம் அச்சடிக்க இடமிருக்கிறது. தோற்ற தொகையை அச்சடிக்க ஒரு வரி இடமில்லை. வரி தாக்கல் செய்ய வேண்டும், அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள் என்று ஜனவரியிலிருந்து சொல்கிறேன். "அதுக்கு ஃபாரம் எல்லாம் எழுதணும்" என்கிறார். ஐந்து மடங்கு பாயிண்ட்டுக்குப் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொண்டவருக்கு இந்த ஃபாரம் மட்டும் கஷ்டமாம். நானே போன் போட்டுக் கேட்டேன். கார்டு உங்கள் பெயரில் இல்லை, தர முடியாது என்று சொல்லிவிட்டு, உங்களுக்கும் ஒரு கார்டு போட்டுக்கொள்ளுங்களேன், முதல் நாளே 20 டாலர் ஃப்ரீ ப்ளே என்றாள் அந்தப் பெண்.